மீன் பெயர்களின் மேல் நான் பாடிய பாட்டு

அன்புள்ள தம்பி,

நாளைக்கு ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தில் உன்னோடு ஒழுங்காக ஒரு வார்த்தை கதைக்க எனக்கு வாய்க்காது. கோயில் ஆட்கள் பாதிப்பேர் வந்து நிற்பார்கள். ஒருவர் வழிச்சாப்பாடு கட்டிக்கொண்டு வருவார், இன்னொருவர் நீ வேலைக்குப் போகிற பொலோஞ்ஞாவில் குளிர் என்று கம்பளிச் சால்வை கொண்டு வருவார். உன் அம்மா ரயில் யன்னலுக்குள்ளால் கையை விட்டு, புறப்படும் வரைக்கும் உன் கொலரைச் சரிசெய்துகொண்டு நிற்பாள். நான் வழக்கம்போல உன் பெட்டிகளை எண்ணிக்கொண்டு நிற்பேன். ஆகவே இதை எழுதி உன் கிற்றார் உறைக்குள் வைக்கிறேன். கடித உறையை ஒட்டவில்லை. ஒட்டினாலும் உன் அம்மா கேத்தல் ஆவியில் பிடித்துப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் விடுவாள். படிக்கட்டும், இதில் பாதி அவளைப் பற்றியதுதான்.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு உன் அம்மா மேல் பொறாமை. பொறாமையாக இருந்தது என்று எழுதினால் ஏதோ முடிந்துபோன கதை மாதிரி இருக்கும். முடியவில்லை. இதை எழுதுகிற நேரத்திலும் அவள் அடுத்த அறையில் சட்டைகளுக்கு அயர்ன் போட்டபடி உன் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், எனக்கு வயிறு எரிகிறது. மகன் மேல் பொறாமைப்பட்ட தகப்பன்மாரைப் பற்றி நீ கேள்விப்பட்டிருப்பாய். பெண்சாதியின் குரல் மேல் பொறாமைப்பட்டு அதை அழித்தவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டாய். அந்த ஆள் நான்தான்.

இந்த ஊரில் எனக்கு என்ன பெயர் என்று உனக்குத் தெரியும். கிழமை நாட்களில் நான் ஒரேத்தோ வீதியில் மூன்று கட்டடங்களின் படிக்கட்டு கழுவுகிறவன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் தமிழ்ப் பூசையில் மட்டும் நான் பாட்டுக்கார அண்ணை. நாங்கள் இந்த இத்தாலிய ஊருக்கு வந்தபோது உனக்கு ஒன்பது வயது. வந்த இரண்டாம் மாதமே பாடகர் குழு என் கைக்கு வந்துவிட்டது. ஆனால் பயிற்சிக்கு யாரால் வர முடியும்? எல்லோரும் பணக்கார இத்தாலியச் சிக்னோராமார் வீடுகளில் தங்கி வேலை செய்கிறவர்கள். வியாழன் பின்னேரமும் ஞாயிறும்தான் அவர்களுடையது. அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். புதுப் பாட்டைக் குசினியில் இருந்து கசற்றில் பாடி, ஞாயிறு பூசைக்கு வருகிறவர்களிடம் கொடுத்துவிடுவேன். அவர்கள் சட்டி கழுவும்போதும் கிழவிகளுக்குக் கால் பிடித்துவிடும்போதும் கேட்டுக் கேட்டுப் படித்துவிடுவார்கள். கசற் தட்டுப்பட்டால் யாருடையது என்று பார்ப்பதில்லை. முன்பக்கத்தில் என்ன இருந்தால் என்ன, மறுபக்கம் சும்மா கிடந்தால் அது எனக்கு. இது என் பழக்கம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இந்தப் பழக்கத்துக்குப் பின்னால்தான் நான் பிறகு போய் ஒளிந்துகொண்டேன்.

சின்ன வயதில் நீ பள்ளி விடுமுறைக்கு என்னோடு ஒரேத்தோவுக்கு வருவாய். மூன்றாவது கட்டடத்தில் ஆறு மாடி, நடுவில் கிணறு மாதிரி வெளி. நான் மேலே இருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டு பாடுவேன், நீ கீழே தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் தலையை அண்ணாந்து நிற்பாய். என் குரல் சுவர் சுவராக இடித்து இறங்கி உன்னிடம் வருவதற்குள் இரண்டு மூன்று ஆள் பாடுகிற மாதிரி ஆகிவிடும். "அப்பா, இன்னொருக்கா! இன்னொருக்கா!" என்று கத்துவாய். மூன்றாம் மாடிக் கிழவி கதவைத் திறந்து உன்னையும் என்னையும் சேர்த்து ஏசுவாள். பதினைந்து வயதில் நீ பாடகர் குழுவை விட்டபோது, பெடியன் வளர்ந்துவிட்டான், திரும்பி வருவான் என்று சொல்லி என்னைச் சமாளித்துக்கொண்டேன்.

நீ திரும்பி வரவில்லை. உன் கூட்டாளி சால்வோவோடு சேர்ந்து அந்த ஃபோர் ட்ராக் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாய். வுச்சீரியாச் சந்தைப் பக்கத்து அறை யன்னலில் சந்தைக்காரன் போடுகிற கூப்பாடு உள்ளே வராமல் மெத்தையை நிமிர்த்தி வைத்தாய். சாதாரணக் கசற்தான், ஆனால் அதில் தனித்தனியாக நாலு சத்தத்தைப் பதியலாம், பிறகு எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று பார்த்துக் கலக்கலாம் என்று சொன்னாய். பாட்டு என்றால் சொல் விளங்க வேண்டும் என்று நம்புகிறவன் நான். உன் பாட்டிலோ கிற்றாரை ஒருதரம் தட்டினால் அது அடங்க அரை நிமிடம் பிடித்தது. அது அடங்குவதற்குள் அடுத்தது வந்து அதற்குள் கரைந்துவிடும். நான் துடைத்து வைத்த கண்ணாடியில் யாரோ வாயால் ஊதிவிட்ட மாதிரி எல்லாம் ஒரே புகை. முதலில் சிரித்தேன். ஒரு கிழமை கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட பிறகு சிரிக்க முடியவில்லை. அந்தப் புகைக்குள் என் ஒரேத்தோப் படிக்கட்டு இருந்தது. இவன் இதை என்னிடம்தான் எடுத்திருக்கிறான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொன்னால் சிரிப்பாய். காலையில் மல்லித்தண்ணீர் குடித்தேன். ஐஸ்கிறீமை நிறுத்தினேன். உன் அறைக்கு முன்னால் போகும்போதெல்லாம் தொண்டையைச் செருமினேன். பாட்டுக்குக் குரல் வேண்டும், குரல் இந்த வீட்டில் யாரிடம் இருக்கிறது? நீ கேட்பாய், நான் கொஞ்சம் பிகு பண்ணிவிட்டு ஓம் சொல்வேன் என்று எல்லாவற்றையும் மனதுக்குள் தயார் பண்ணி வைத்திருந்தேன். "தம்பி, நான் ஒருக்கா பாடட்டே?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி இருக்கிறது என்றால் அது இதுதான்: உனக்கு வேண்டியதை வாய் திறந்து கேட்டுவிடு. மற்றவன் வந்து கேட்கட்டும் என்று காத்திருக்கிறவனுக்குள் நஞ்சு ஊறும். எனக்கு ஊறியது.

நீ அம்மாவைக் கேட்டாய். கோயிலில் வாயை மட்டும் அசைக்கிற அம்மாவை! அதுவும் பாடுவதற்குக்கூட இல்லை. மீன் பெயர் சொல்லுவதற்கு. அவள் மன்னார்க் கரையில் வள்ளமும் வலையும் வைத்திருந்த சம்மாட்டி வீட்டில் பிறந்தவள். இங்கே சந்தையில் மீன் பலகைக்கு முன்னால் நின்றால் தன்பாட்டில் ஒவ்வொன்றுக்கும் ஊர்ப்பெயர் வைத்து முணுமுணுப்பாள். சின்னனில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற உனக்கு அது காதிலேயே தங்கிவிட்டிருக்கிறது. அன்றைக்குக் கதவு இடுக்கால் பார்த்தேன். ஏப்ரனோடு, கொண்டைக்கு மேலே உன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மைக்குக்கு முன்னால் கண்ணை மூடி நின்றாள். "சூடை... பாரை... மணலை... ஓரா... விளை... திருக்கை..." மூச்சு விடுகிற மாதிரி. கண்ணை மூடி அவளை நான் கண்டது நித்திரையிலும் பூசையில் நன்மை வாங்கும்போதும் மட்டும்தான். முடிந்ததும் சால்வோ நெஞ்சில் கையை வைத்து "சிக்னோரா, பெல்லிஸ்ஸிமா!" என்று தங்கள் பாஷையில் புகழ்ந்தான். நீ அவளைப் பார்த்து, "அம்மா, உங்கடை குரல்தான் இந்தப் பாட்டு" என்றாய். நான் குசினிக்குப் போய், கழுவி வைத்திருந்த சட்டியைத் திரும்பவும் கழுவினேன்.

எனக்கு நாற்பது பாட்டுக்கு மேல் மனப்பாடம். நானே கட்டிய பாட்டு பதினொன்று. இவன் என்னடா என்றால் மீன்காரியின் பட்டியலைப் பதிகிறான்! இதைத்தான் இரண்டு கிழமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன், படிக்கட்டுக்குச் சொன்னேன், துடைப்பத்துக்குச் சொன்னேன். பாட்டுச் சரியில்லை என்றுகூட அம்மாவிடம் சொன்னேன். அவள், "எனக்கென்ன தெரியும், பிள்ளை கேட்டான், சொன்னனான்" என்று விட்டுவிட்டாள். ஆசைப்படாதவளுக்குக் கிடைத்திருக்கிறது, தனக்குக் கிடைத்தது என்ன என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. அதை என்னால் தாங்க முடியவில்லை.

பிறகு அந்த வியாழன் பின்னேரம். நீயும் சால்வோவும் மொந்தெல்லோக் கடற்கரைக்குப் போயிருந்தீர்கள். நான் உன் மேசையில் இருந்து கசற்றை எடுத்துக் குசினி றேடியோவில் போட்டேன். முன்பக்கத்தில் கிற்றார் மட்டும் கேட்டது, அம்மா இல்லை. பாட்டு முடியும் மட்டும் இருந்து கேட்டுவிட்டு, கசற்றை அந்த இடத்திலேயே திருப்பிப் போட்டேன். பின்பக்கமாக எல்லாம் தலைகீழாக ஓடியது. ஏதோ பாஷையில் ஒரு பெண் மூச்சை உள்ளே இழுத்து இழுத்துப் பேசினாள். முதலில் கசற் பழுது என்று நினைத்தேன். ஒரு நிமிடம் போகவில்லை, அவள்தான் என்று தெரிந்துவிட்டது. இருபத்திரண்டு வருடமாகக் கூட இருக்கிறவளின் குரலைத் தலைகீழாகக் கேட்டாலும் தெரியாதா? எப்படி அவள் மறுபக்கத்துக்கு வந்தாள் என்ற கணக்கு எனக்கு விளங்கவில்லை. ஆனால் அவள் அங்கே இருக்கிறாள் என்பது விளங்கியது. தலைகீழாகவும் வடிவாக இருந்தாள், தம்பி. அதுதான் என்னைக் கிளப்பியது. கசற்றைப் பின்னுக்கு ஓட்டி, திரும்பவும் பாட்டு முடிந்த இடத்துக்கே கொண்டுவந்து, பதிகிற பொத்தானை அமத்தினேன். நான் கட்டிய மடு மாதா பாட்டை எடுத்து, ஒரு சரணம் விடாமல், முழுத் தொண்டையில் பாடினேன்.

பொழுதுபட நீ வந்து, நான் திருப்பி வைத்திருந்த கசற்றைப் போட்டு ஹெட்போனை மாட்டினாய். நான் குசினிக் கதவில் சாய்ந்து நின்றேன். உன் முகத்தில் ஒன்றும் இல்லை. கழற்றி வைத்துவிட்டுக் கேட்டாய்: "அப்பா, நீங்கள் இதிலை ஏதும் பதிஞ்சனீங்களோ?"

"ஓம் தம்பி. கோயில் பாட்டு. மறுபக்கம் சும்மா கிடந்தது."

"இதிலை மறுபக்கம் எண்டு ஒண்டு இல்லை அப்பா."

கோபப்படாமல், பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி எனக்கு விளங்கப்படுத்தினாய். இந்தப் பெட்டி கசற் நாடாவின் முழு அகலத்தையும் ஒரே ஓட்டத்தில் பாவிக்கிறதாம். சாதாரண றேடியோ மறுபக்கம் என்று நினைப்பதுதான் இதில் மூன்றாவது, நாலாவது சத்தமாம். அதனால் ஒன்றில் பதிந்தது மற்றதில் தலைகீழாக ஓடுமாம். மூன்றாவதில் அம்மா இருந்தாளாம். "ஐயையோ, எனக்கெங்கை இதெல்லாம் தெரியும்!" என்று தலையில் கை வைத்தேன். அருமையான நடிப்பு. நீயோ, "பரவாயில்லை அப்பா, அம்மா திருப்பிச் சொல்லுவா" என்றாய்.

அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "வேண்டாம் ராசா. எனக்கு அந்தப் பேரெல்லாம் மறந்து போச்சு" என்றாள்.

எந்த நாட்டில் சம்மாட்டி மகள் மீன் பெயரை மறப்பாள்? ஆனால் அவள் சொன்னபடியே நின்றாள். நீ கெஞ்சினாய், சால்வோ முழங்காலில் நின்றான், ஒன்றும் நடக்கவில்லை. அதை விட மோசம், சந்தையில் முணுமுணுப்பதையும் விட்டுவிட்டாள். பலகைக்கு முன்னால் நின்று விரலால் காட்டி, "சார்தே, ஒரு கிலோ" என்று இத்தாலியனில் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். வீட்டில் என்னோடு கதை குறைந்தது. உன் பாட்டு அறைக்குள் பாதியில் கிடந்தது, நீ அதைத் தொடவில்லை. நான் நினைத்தது நடந்துவிட்டது: அவள் குரல் இல்லை. ஆனால் ஒருவரும் வந்து, "அப்ப அப்பா, நீங்கள் பாடுங்கோ" என்று கேட்கவில்லை. வெற்றி பெற்றவன் மாதிரி ஒரு மாதம் தனியே தின்றேன், தனியே பாடினேன். அந்த மாதம் கோயிலில் என் குரல் இரண்டு தரம் அடைத்தது.

கடைசியில் ஒரு வெள்ளி உன்னிடம் வந்து, "நாளைக்குச் சந்தைக்கு அம்மாவோடை போறன். உன்ரை மைக்கைப் பையுக்குள்ளை வைச்சுக்கொண்டு பின்னாலை வா. ஏனெண்டு கேளாதை" என்றேன். நீ கேட்கவில்லை. நான் வயல்பக்கத்தான், மீன் என்றால் சட்டிக்குள் வந்த பிறகுதான் தெரியும். சந்தையில் முதல் பலகையில் நீளமாக ஒன்று கிடந்தது. விரலை நீட்டி உரத்துச் சொன்னேன்: "ஆ, பாரை!" அம்மா அடுத்த பலகையைப் பார்த்தாள். அடுத்ததைக் காட்டினேன்: "இது திருக்கை." அவள் பையை மற்றக் கைக்கு மாற்றினாள். மூன்றாவதாக ஒரு கணவாயைக் காட்டி, "இது நல்ல விளைமீன்" என்றேன்.

"உங்களுக்குக் கண் பொட்டையே?" என்று வெடித்தாள். "அது சீலா! இது மணலைச் சாதி! கணவாயைப் போய் விளை எண்டுறியள், மீன் கேட்டால் அழும்!" என்னைத் தள்ளிவிட்டுப் பலகை பலகையாக நடந்தாள். இது சூடை, இது ஓரா மாதிரி ஆனால் ஓரா இல்லை, இது அறக்குளாவின்ரை சொந்தக்காரன் என்று ஒவ்வொன்றாக எனக்குப் படிப்பித்தாள். மீன்காரன்கள் வாள்மீனின் தலையைத் தூக்கிப் பிடித்துக் கூவுகிறார்கள், நடுவே அவள் குரல் போகிறது. பின்னால் நீ பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாய். கடைசிப் பலகையில் திரும்பி உன்னையும் பையையும் கண்டாள். அவளுக்கு விளங்கிவிட்டது. என்னைப் பார்த்து, "இதுக்கும் மேலை ஒருக்காப் பாடி விடுங்கோவன்" என்றாள்.

அடுத்த கிழமை நீ என்னிடம் மூன்றாவது கட்டடத்தின் சாவியைக் கேட்டாய். எதற்கென்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்கிற உரிமை எனக்கு இருக்கவில்லை.

சால்வோவின் மச்சான் றேடியோ திருத்துகிற கடைக்குப் பின்னால் ஒரு அறை வைத்திருந்தானே, ஒரு ஞாயிறு பூசை முடிய எங்கள் இருவரையும் அங்கே கூட்டிப் போனாய். பாட்டைப் போட்டாய். கிற்றார் புகைபோல எழும்பியது. சந்தைச் சத்தம் தூரத்தில், அதற்குள்ளால் அம்மா, "சீலா... மணலை... சூடை..." அவளுக்கு நீ எக்கோ கொடுக்கவில்லை, கிட்ட வைத்திருந்தாய், காதுக்குள் சொல்கிற மாதிரி. பொறாமை பழைய இடத்தில் பழையபடி வந்து குந்தியது. பிறகுதான் அவளுக்குப் பின்னால், வெகு தூரத்தில், ஒரு ஆண் குரல் இறங்குவதைக் கேட்டேன். சொல் விளங்கவில்லை, தலைகீழாக ஓடியது, சுவர் சுவராக இடித்து இடித்து வந்தது. என் மடு மாதா பாட்டு. நான் அழித்த இடத்தில் நான் பாடினதை நீ எறியவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு ஒரேத்தோவுக்குப் போய், என் படிக்கட்டில் ஸ்பீக்கரை வைத்து ஓடவிட்டு, அந்த எக்கோவோடு பதிந்து வந்திருக்கிறாய். கிழவி ஏசினாளா என்று கேட்க நினைத்தேன்.

பாட்டு முடிந்தது. எல்லாம் அடங்கின பிறகு, கடைசியில் சின்னதாக ஒரு சத்தம் மட்டும் மிஞ்சியது. ஆண் குரலில் ஒரு சொட்டு, பிறகு பெண் குரலில் ஒரு கீற்று, தலைகீழாக.

"அது என்ன கடைசியிலை?" என்று கேட்டேன்.

நீ வயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னாய்: "நீங்களும் அம்மாவும் கதைக்கிறது. அண்டைக்கே திருப்பிப் போட்டுக் கேட்டனான்."

நான் இதுவரைக்கும் இந்தக் கடிதத்தில் விட்ட ஒரு விஷயம் அதுதான். அந்த வியாழன் நான் பொத்தானை அமத்தின பிறகு, பாடத் தொடங்க முதல், அம்மா உடுப்புக் கூடையோடு பல்கனியில் இருந்து உள்ளே வந்தாள். "இஞ்சேருங்கோ, அது அவன்ரை கசற் எல்லோ?" என்றாள். நான், "தெரியும்" என்றேன். றேடியோ அதையும் பதிந்துகொண்டிருந்தது. ஆகவே நான் தலையில் கை வைத்து நடித்த அதே நாளில் உனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டுதான் என்னை அப்பா என்று கூப்பிட்டாய், சந்தைக்குப் பின்னால் வந்தாய், சாவி கேட்டாய். வயரைச் சுருட்டி முடித்துவிட்டு நிமிர்ந்து, "உங்கடை குரலை இன்னும் கொஞ்சம் கூட்டட்டே அப்பா?" என்றும் கேட்டாய். மனது கூட்டு, கூட்டு என்று கத்தியது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடத்திலும் கத்தியது. "வேண்டாம், அப்பிடியே இருக்கட்டும்" என்றேன். என் வாழ்க்கையில் நான் பாடாமல் விட்ட ஒரே இடம் அது.

வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மாவிடம் ஏன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன். "பாட்டு ஏற்கெனவே அழிஞ்சு போயிட்டுது. நான் வாயைத் திறந்தா அவனுக்கு அப்பாவும் போயிடுவார்" என்றாள். கொஞ்சத் தூரம் போய், "ஆனால் உங்கடை குரல் தலைகீழாத்தான் நல்லா இருக்கு" என்றாள். இருபத்திரண்டு வருடத்தில் என் பாட்டைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

உன்னிடம் நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். தெரிந்தேதான் செய்தேன், தம்பி, மன்னித்துக்கொள். பொலோஞ்ஞாவில் அந்த ஒலிப்பதிவுக்கூடத்தில் உன்னை விடக் கெட்டிக்காரர்கள் இருப்பார்கள். நீ கேட்காத ஒன்று பக்கத்தில் இருக்கிறவனுக்குக் கிடைக்கும், உனக்கும் வயிறு எரியும், நீ என் பிள்ளை. எரிந்தால் அவனிடமே போய் எரிகிறது என்று சொல்லிவிடு. அவனுடைய கசற்றைத் தொடாதே.

அங்கே புது ஆட்களுக்கு இந்தப் பாட்டைப் போட்டுக் காட்டுவாய். எல்லோரும் அந்தப் பெண் யார் என்றுதான் கேட்பார்கள். என் அம்மா என்று சொல்லுவாய், அவர்களும் சால்வோ மாதிரி நெஞ்சில் கை வைப்பார்கள். பின்னால் படிக்கட்டில் இறங்குகிறவன் யார் என்று ஒருவனும் கேட்க மாட்டான். கேட்காவிட்டாலும் சொல்லு, அது என் அப்பா என்று. அவர் என்ன செய்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லு.

அப்பா